லோடு வண்டிக்கு மலைப்பக்கம்

ஜீப்பில் இருந்தவர்கள் மூன்று பேர். ஸ்டியரிங்கில் பஷீர் அகமது. அவருக்கு இடப்பக்கத்தில், மடியில் பரீட்சைத் தாள் கட்டோடு அவர் மகள் முஹ்சினா. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர், வார விடுமுறைக்கு வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் புளி மூட்டைகளின் மேல், கூரைக் கம்பியைப் பிடித்தபடி பொன்னுரங்கம். மலையில் புளி உலுக்கி, மூட்டை பிடித்து, கூடவே வந்து கடையில் இறக்கிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போகிறவன்.

காரிலும் மூன்று பேர். ஓட்டியவன் ரிஷிவந்தியத்து இளவரசன். பின் சீட்டில் அவன் மனைவி ராதிகா, காலுக்கடியில் சோற்றுத் தூக்கு. முன்னால் இடப்பக்கம், கண்ணாடியை இறக்கிவிட்டு மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு, அவன் அம்மா சின்னப்பொண்ணு.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டு, ஏட்டு முதலில் கேட்டது இதைத்தான். யார், எங்கே உட்கார்ந்திருந்தது. பஷீர் அகமது ஒவ்வொருவராகச் சொன்னார். காரில் முன்னால் இருந்தவளின் பெயர் அப்போது அவருக்குத் தெரியாது. "அந்தம்மா லெப்ட்டு சைடு" என்றார். உள்ளே அந்தம்மாவின் முகத்தில் துணியை இழுத்து மூடியிருந்தார்கள்.

"தப்பு யாரு மேல?" என்று ஏட்டு பொதுவாகக் கேட்டார்.

பஷீர் அகமது இளவரசனைத் திரும்பிப் பார்த்தார். தரையில் குந்தியிருந்த இளவரசன்தான் எழுந்து நின்றான். "என் மேலதாங்க சார். லோடு வண்டி வந்துது. நான் ஒதுங்கல."

கடைத்தெருவில் பஷீர் அகமதுவுக்கு ரோடு பாய் என்று பெயர். செய்வது மலைச்சரக்கு வியாபாரம். புளி, கடுக்காய், சாமை, தேன். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் சரக்கு விலை கேட்பதற்கு முன் ரோட்டைப் பற்றித்தான் வாயைக் கிளறுவார்கள். "இன்னா பாய், பைபாஸ் தொறந்தது எந்தக் கிழமை?" என்று கேட்டால் கிழமையும் வரும், அன்றைக்கு மழையா வெயிலா என்பதும் வரும். அந்த வீட்டில் நல்லது கெட்டதெல்லாம் ரோட்டுக் கணக்குத்தான். மூத்தவன் ஆசாத் பிறந்தது மலை ரோட்டில் ஜல்லி கொட்டிய வருஷம். முஹ்சினா, தார் வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்த மாசம். அவர் கல்யாணம், மலைக்கு முதல் பஸ் ஏறிய வாரம். நிக்காஹுக்கு வந்த சனத்தில் பாதி பஸ் பார்க்கப் போய்விட்டது என்று மனைவி அஸ்ரப் நிஷா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். வண்டிகளின் ஜாதகமும் அத்துப்படி. மாருதி வந்தது எண்பத்து மூன்று டிசம்பர். அம்பாசிடர் நின்றது இரண்டாயிரத்துப் பதினான்கு மே. நின்ற செய்தி பேப்பரில் வந்த அன்று, கடையில் தராசைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அதனால்தான் மலை ரோட்டை அகலப்படுத்தித் திறந்த புதன்கிழமை, அவரையும் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம், பங்குனிக் கடைசி வெயில். ஒற்றையடிப் பாதையாக இருந்ததிலிருந்து ஜீப் பாதை, மண் ரோடு, ஜல்லி, தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, "இன்னிக்குத்தான் இந்த மலைக்கு ரெண்டு வண்டி உரசாம போற ரோடு வந்துருக்குது" என்று முடித்தார். கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ரெண்டு பேர் மெஷினைத் தள்ளிக்கொண்டு ரோட்டின் நடுவில் கோடு போட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய ரோட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அகலம் ஒரு வண்டிக்குத்தான். பள்ளத்துப் பக்கம் ஓரம் பொலபொலவென்று உதிரும். பாரம் ஏற்றிய வண்டி அந்த ஓரத்தை மிதித்தால் மண்ணோடு சரிந்து போகும். அதனால் ஏறுகிறதோ இறங்குகிறதோ, லோடு வண்டிக்கு மலைப்பக்கம். வெறும் வண்டி பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நிற்கவேண்டும். லெப்ட்டு ரைட்டு என்பதெல்லாம் அடிவாரத்தோடு சரி. வளைவுக்கு முன்னால் லோடு வண்டிக்காரன் ரெண்டு நீள ஹாரன் கொடுப்பான். பஷீர் அகமது மீசை முளைத்த காலத்தில் பழகியது அது. யோசித்துச் செய்வதில்லை. செருப்பை எந்தக் காலில் முதலில் மாட்டுகிறோம் என்று யார் யோசிக்கிறார்கள்?

அதே வாரம் சனிக்கிழமை உச்சிப் பொழுதில் ஊஞ்சமரத்து வளைவுக்கு வந்தார். இறங்குகிறவனுக்கு அங்கே மலை வலப்பக்கம். ரெண்டு ஹாரன் கொடுத்தார். வலப்பக்கம் ஒடித்தார். முஹ்சினா "அத்தா" என்றாள். எதிரே வெள்ளைக் கார். அதன் நெற்றியில் பூஜை போட்ட சந்தனமும் குங்குமமும் இன்னும் காயவில்லை. அது அப்படியே இடப்பக்கம் திரும்பிப் பாறையில் போய் முட்டியது. ஜீப்பின் பம்பர் காரின் வலக்கதவை லேசாக உரசி நின்றது. பெரிய சத்தம்கூட இல்லை. மேலிருந்து மூட்டையைப் போட்டதுபோலத் தட்டையாக ஒரு சத்தம்.

முதலில் இறங்கியவர் பஷீர் அகமது. இறங்கியதும் கத்தினார்.

"இன்னா தம்பி! லோடு வண்டி வருதுல்ல? பள்ளத்துப் பக்கம் ஒதுங்குறதுக்கு இன்னா கேடு?"

மூட்டைமேலிருந்து குதித்த பொன்னுரங்கமும் பிடித்துக்கொண்டான். "பாய் ஹாரன் அடிச்சது காதுல வுழல? மலையேறத் தெரியாதவன் எதுக்குய்யா வண்டிய எடுத்துக்கினு வர்ற?"

இளவரசன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடாமல், "தெரியலங்க, தெரியலங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பின் சீட்டிலிருந்து ராதிகா, "அத்தே... அத்தே..." என்று கூப்பிட்டாள். அப்புறம்தான் பஷீர் அகமது காரின் இடப்பக்கம் போய்ப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கை சரியாக மடங்கவில்லை. டம்ளரைப் பிடித்தால் விரல் நிற்காது. அஸ்ரப் நிஷா கஞ்சியில் துவையலைத் தொட்டு வைத்து, "ரெண்டு வாய் குடிங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவர் கஞ்சியைப் பார்ப்பார். கொல்லையில் ஆள்கள் புளியை அடித்துக் கோதும் நாரும் நீக்கும் தட்டுச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். ஆனாலும் கேட்கிறவர்களிடம் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்வார். "நான் ரெண்டு ஹாரன் குடுத்தேன். அவன் ஒதுங்கியிருக்கணும்."

அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் முஹ்சினா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இளவரசன் வந்தான். பஸ்ஸில் வந்து, விசாரித்து, கொல்லை வழியாகவே உள்ளே நுழைந்துவிட்டான். புளி அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த கட்டையை அப்படியே நிறுத்தினார்கள். பஷீர் அகமது சிப்பம் கட்டுகிற ஓலைப்பாய் மேல் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் அவருக்கு முதலில் பட்டது, அவன் தலையில் முடி இருந்ததுதான். அம்மாவைப் பறிகொடுத்தவன் தலையில் முடி எப்படி இருக்கும்?

"உக்காருங்க தம்பி."

"இருக்கட்டுங்க பாய். நின்னுக்கறேன்."

அஸ்ரப் நிஷா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருப்பா. இன்னா சாப்புடற?"

"எதுவும் வேணாங்கம்மா." உட்கார்ந்தான். "மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன். உங்க வண்டில வந்து இடிச்சிட்டேன். இந்தப் பொண்ணு உள்ள இருந்துது. அதுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு..."

முஹ்சினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, வுடுப்பா" என்றாள் அஸ்ரப் நிஷா. "நீ பெத்தவள குடுத்துட்டு நிக்கிற. எங்களுக்கு இன்னா ஆச்சு, ஒரு கீறல் இல்ல. உங்கப்பா எப்புடி இருக்காரு?"

"அவரு எங்கூடப் பேசறதில்லங்கம்மா." கீழே கிடந்த புளியங்கொட்டை ஒன்றை எடுத்து உருட்டினான். "கொள்ளியக்கூட எங்கையில குடுக்கல. சித்தப்பா மவன்தான் வெச்சான். 'பெத்தவள இட்டுக்கினு போய்ப் பாறைல மோதுன கை எதுக்கு'ன்னாரு. அதான் கடைசியாப் பேசுனது. ராதிகா கையால சாப்புடறாரு. நான் உள்ள போனா எழுந்து கொட்டாய்க்குப் போயிடறாரு."

கொல்லை முருங்கையில் காக்கை ஒன்று கத்திவிட்டுப் போனது.

"ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டேங்க. கவனக்குறைவுன்னு எழுதுனாங்க. கோர்ட்டுலயும் ஒத்துக்கப் போறேன். அதுக்கு இல்ல." அவன் பஷீர் அகமதுவின் முகத்தை நேராகப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கினு போலாம்னுதான் பாய். இந்த லோடு வண்டிக்கு மலைப்பக்கம்ங்கற ரூல்ஸு எதுல போட்டிருக்கு? லைசென்ஸு எடுக்கறப்ப புஸ்தகம் குடுத்தாங்க. முழுசாப் படிச்சேன். இப்பவும் எடுத்துத் தேடுனேன், அதுல இல்ல. மலைக்குன்னு தனியாப் புஸ்தகம் இருக்குதா? இருந்தா வாங்கி எங்கப்பாகிட்ட காட்டணும். இப்புடி ஒண்ணு இருக்குது, இவன் படிக்காம உட்டுட்டான், தெரியாமதான் செஞ்சான்னு அவருக்குத் தெரியணும். அவ்ளோதாங்க."

பஷீர் அகமது பதில் சொல்ல வாயைத் திறந்தார். எதில் போட்டிருக்கிறது? எந்தத் தேதியில் போட்டார்கள்? ரோட்டைப் பற்றித் தேதி தெரியாத ஒரு விஷயம் தன்னிடம் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"பாத்துச் சொல்றேன் தம்பி" என்றார்.

அவன் கைகூப்பிவிட்டு, வந்த வழியே போனான். அஸ்ரப் நிஷா கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போய்க் கிடந்தது.

முஹ்சினா வந்து அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அத்தா, எதுலயும் போடல."

"இன்னாது?"

"அப்புடி ஒரு ரூல்ஸே இல்லத்தா. மலையோ தரையோ, அவங்கவங்க லெப்ட்டுலதான் போவணும். அந்தாளு அவரு லெப்ட்டுலதான் வந்தாரு. நாமதான் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனோம்."

"கோடா? எந்தக் கோடு?"

"நடுவுல மஞ்சளாப் போட்டிருக்காங்களே."

"கோடு ரோட்டுக்குத்தானே போட்டான்? மலைக்கா போட்டான்? வளைவுல லோடு வண்டி எப்புடிப் போவணும்னு காலங்காலமா..."

"அந்தாளு நேரா வந்திருந்தா நம்ம மேலதான் மோதியிருப்பாரு. நான் பாத்தேன். நம்மளப் பாத்துத்தான் பாறைப் பக்கம் ஒடிச்சாரு." ஓலைப்பாயின் ஓரத்தைப் பிய்த்தாள். "ஏட்டுகிட்டயே சொல்லியிருக்கணும். உங்க மூஞ்சப் பாத்தேன், வாய் வரல."

பஷீர் அகமது அவளை அடிக்கக் கை ஓங்கினார். அவளை அவர் அடித்ததே இல்லை. மடங்காத அந்தக் கை பாதியில் நின்று, ஓலைப்பாயில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை வெள்ளிமலை பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். டிரைவர் தமிழழகன், தெரிந்தவன்தான். இருபது வருஷமாக இந்த ரூட்டு. "இன்னா பாய், ஜீப்பு இன்னா ஆச்சு? ஓ..." என்று நிறுத்திக்கொண்டான். கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியது. பஷீர் அகமது ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். புது மஞ்சள் கோடு பஸ்ஸுக்கு முன்னால் வளைந்து வளைந்து ஓடியது. ஒரு வளைவில், கடுக்காய் மூட்டை அடைத்த மினி லாரி ஒன்று இறங்கி வந்தது. பள்ளத்துப் பக்கமே, தன் இடப்பக்கத்திலேயே, நிதானமாகப் போனது. அடுத்த வளைவில் மரம் ஏற்றிய டிராக்டர். அதுவும் அப்படியே.

"தமிழு" என்றார். "லோடு வண்டி பள்ளத்துப் பக்கம் போவுதே."

"ஆமா. அதான அவன் லெப்ட்டு."

"எப்பலேருந்து? கோடு போட்டதுலேருந்தா?"

தமிழழகன் கியரை மாற்றினான். "கோட்டுக்கு முந்தியேதான் பாய். தார் போட்டு ஓரத்துல செவுரு கட்டுன பொறவு யாரு அதெல்லாம் பாக்கறா? வாடகை வண்டி, கீழ்நாட்டு வண்டின்னு ஜாஸ்தி ஆயிடுச்சு. அவங்களுக்கு நம்ம பழக்கம் இன்னா தெரியும்? எல்லாம் லெப்ட்டுலதான் போய்க்கினு இருக்கோம்."

"நான் வர்றப்ப எல்லாரும் ஒதுங்குவீங்களே."

"அது உங்களுக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தான், நல்ல மனசோடுதான் சிரித்தான். "தூரத்துலயே உங்க ஹாரன் கேட்டுடும். 'பாய் வராருடோய், மலைப்பக்கம் வுட்டுடு'ன்னு சொல்லிக்குவோம். புதுசா வர்ற டிரைவருக்குக்கூட சொல்லிக் குடுத்துருக்கோம். பெரிய மனுஷன், பழைய ஆளு, போய்ட்டுப் போறாரு."

பஷீர் அகமதுவுக்குக் பஸ் சத்தம் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்பதுபோல இருந்தது. எத்தனை வருஷம்? ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவன் பிரேக்கை மிதித்து, எதிர்ப்பக்கம் ஒதுங்கி, தன்னை விட்டிருக்கிறான். தான் ஒரு சட்டத்தின்படி ஓட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தது, மற்றவர்கள் பார்த்துப் போட்ட மரியாதை. அந்த மரியாதையைப் பற்றி ரிஷிவந்தியத்துக்காரனிடம் சொல்ல ஆளில்லை.

"ஊஞ்சமரத்துகிட்ட எறக்கி வுடு" என்றார்.

வெயில் தாருக்குள் இறங்கியிருந்தது. பாறையில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு முழம் இழுத்திருந்தது. ஓரத்து மண்ணில் கண்ணாடித் தூள், சிந்திக் காய்ந்த சோற்றுப் பருக்கையில் எறும்பு. ஜீப்பின் டயர்த் தடம் கறுப்பாக, மஞ்சள் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, மலைப்பக்கம் போய் நின்றது. அவர் அதன் மேலேயே நடந்து போய், அது முடிகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்ந்துதான் அவருக்கு முதல் முறையாக அழுகை வந்தது.

மத்தியானம் வீட்டில் ஆசாத் கத்தினான்.

"புத்தி கெட்டுப் போச்சா அத்தா உங்களுக்கு? அந்தாளே தன் தப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். கேஸு முடியப் போவுது. நீங்க போய் வாயக் குடுத்தா உங்க மேல திரும்பும். செத்துருக்குது ஓர் உயிரு. ஜெயிலுக்கே போவணும், தெரியுதா? இந்த வயசுல?"

"தெரியுது."

"லைசென்ஸு போயிடும். பொறவு மலைக்கு யாரு போறது? பொன்னுரங்கமும் ஒதுங்கலன்னுதான் சாட்சி சொல்லிருக்கான்."

"பொன்னுரங்கத்துக்கு நான் சொன்னதுதான் சட்டம். எனக்கு எது சட்டம்னு பாத்துட்டு வந்துட்டேன்."

அஸ்ரப் நிஷா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள், "இன்னாங்க, செத்தவ செத்துட்டா. அவன் புள்ள. அப்பன் இன்னிக்குப் பேசாட்டி நாளைக்குப் பேசுவான். நீங்க உள்ள போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"அவன் தலைல முடி இருந்துதே, பாத்தியா நீ?"

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அப்ப அவங்க வீட்டுக்கே நேராப் போயி சொல்லலாம்த்தா. நானும் வரேன்" என்றாள் முஹ்சினா. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தாள்.

"நேராப் போனா மூணு நிமிசத்துல பேச்சு முடிஞ்சிடும். வயசானவன் அழுவறான், பெரிய மனசு, வுட்டுடுங்கன்னு அக்கம்பக்கம் சேர்ந்து டீ வாங்கிக் குடுப்பாங்க. அந்தப் பையன் பேருல கெடக்கறது அப்புடியே கெடக்கும். எழுதுனாத்தான் நிக்கும். அவங்கப்பா அத கையில வெச்சி நாலு பேருக்குப் படிச்சிக் காட்டணும். ஸ்டேஷனுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. தாள எடு. நான் சொல்றேன், என் கை மடங்கல."

"நானா எழுதறது?"

"நீ பாத்தவதானே?"

மேலே இடப்பக்கம் அனுப்புநர், பெறுநர், வலப்பக்கம் தேதி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடியே அவள் ஓரம் மடித்து எழுதினாள். அவர் ஓலைப்பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சொன்னது மேடைத் தமிழாக வந்தது.

'ரிஷிவந்தியம் இளவரசனின் தகப்பனார் பெரியவர் ராமசாமி அவர்களுக்கு, கள்ளக்குறிச்சி பஷீர் அகமது எழுதுவது. முந்தின வாரச் சனிக்கிழமை ஊஞ்சமரத்து வளைவில் நடந்ததற்குக் காரணம் நான். உங்கள் மகன் தன்னுடைய பக்கத்தில் சரியாக வந்தார். நான் கோட்டைத் தாண்டி அவருடைய பக்கத்துக்குப் போனேன். லோடு வண்டிக்கு மலைப்பக்கம் என்று நான் அவரைத் திட்டியது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல. ஆனாலும் பொய். அப்படிச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அது ஒரு காலத்துப் பழக்கம். அந்தப் பழக்கமும் போய் வெகுகாலம் ஆகியிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. உங்கள் மகன் பாறைப் பக்கம் ஒடிக்காமல் நேராக வந்திருந்தால், இதை எழுதுகிற என் மகள் இன்றைக்கு இல்லை.'

முஹ்சினா நிமிர்ந்தாள். "இத எழுதணுமா?"

"எழுது. அதான் முக்கியம்." கண்ணைத் திறந்தார். "அந்தம்மா பேரு இன்னா?"

"சின்னப்பொண்ணு."

'சின்னப்பொண்ணு அம்மாள் இறந்தது என் வண்டியால். உங்கள் மகன் கையால் அல்ல. மீதிச் சடங்குகளை அவர் கையால் செய்யச் சொல்லுங்கள். இதையே ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடுகிற இடத்துக்கு வருவேன்.'

கையெழுத்தை மட்டும் அவர் போட்டார். பேனா மூன்று முறை வழுக்கியது. ஆசாத் கடை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவர்கள் வெளியே வந்ததும், பைக் சாவியை முஹ்சினாவின் கையில் போட்டான்.

ஸ்டேஷனில் கொடுத்ததை வாங்கிப் படித்த ஏட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். "யோசிச்சித்தான் குடுக்கறீங்களா பாய்?" என்றார். அவர் தலையை ஆட்டியதும் முத்திரை குத்தி, "சொல்லி அனுப்பறோம். ஊர வுட்டுப் போவக்கூடாது" என்றார்.

தபாலாபீஸில் கவுண்டர் மூடுகிற நேரம். உறைக்குள் கடிதத்தைச் செருகி, ஜன்னல் கட்டையில் கட்டியிருந்த பசை டப்பாவில் பஷீர் அகமது தன் விரலையே விட்டுத் தடவினார். மடித்து ஒட்டி, ஈரம் இறுகும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கவுண்டரில் இருந்தவர் தெரிந்த மனிதர்.

"ரிஷிவந்தியமா? ரோடு பாய்க்கு அங்க யாரு சொந்தம்? ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன். மலை ரோடு தொறந்தாங்களே, அது எந்தத் தேதி?"

பஷீர் அகமது கையை எடுத்து, உறையைக் கம்பிக்கு அடியில் நகர்த்தினார். அந்த ஆள் இன்றைய தேதியைக் குத்தி, பின்னால் திறந்து கிடந்த பைக்குள் போட்டுவிட்டு, பையின் வாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்.